சொல்லி முடிக்கும் வரை

மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வரும் நோயாளரிடம் உறவினர் முதலில் கேட்பது, "டாக்டர் என்ன சொன்னார்?" என்பதே. "நீங்கள் சொல்ல நினைத்ததையெல்லாம் சொன்னீர்களா?" என்று கேட்பவர் அரிது. இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இவ்விதழில் பேச விரும்புகிறோம்.

1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்னும் இருவர், நோயாளரும் மருத்துவரும் சந்தித்த 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தனர். தம் குறைகளைத் தொடக்கத்திலேயே முழுமையாகச் சொல்லும் வாய்ப்பு 17 சந்திப்புகளில் மட்டுமே நோயாளருக்குக் கிடைத்திருந்தது. குறுக்கீடு நிகழ்ந்த இடங்களில், சராசரியாக 18 நொடிகளில் அது நிகழ்ந்தது. அப்படியானால், தடுக்காமல் விட்டால் நோயாளர் எவ்வளவு நேரம் பேசுவார்? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. அங்கே குறுக்கிடாமல் கேட்கும்படி மருத்துவர்கள் பயிற்சி பெற்றிருந்தனர். 335 நோயாளர் பேசிய நேரத்தின் சராசரி 92 நொடிகள். நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடங்களுக்குள் தாமாகவே பேசி முடித்தனர். ஐந்து நிமிடங்களைத் தாண்டியவர் எழுவர் மட்டுமே.

இரண்டு நிமிடம் சிறிது போலத் தோன்றும். ஆனால் ஒரே காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய புறநோயாளர் பிரிவில், அது மூன்று மணி நேரத்திற்கும் மேலாகிவிடும். இந்த நெருக்கடியை மறைத்துவிட்டு மருத்துவரின் பொறுமையை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. எனினும், கேட்காமல் விட்ட இரண்டு நிமிடத்திற்குப் பிறகு வேறு வகையில் விலை கொடுக்க நேரிடுகிறது.

நீரிழிவு உள்ள முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மாதக் கடைசியில் கையில் பணம் குறையும்போது மாத்திரையைப் பாதியாக உடைத்து உட்கொள்கிறார். சொன்னால் திட்டுவார்களோ என்று அஞ்சி அதைச் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. சர்க்கரை குறையாததைக் கண்ட மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுகிறார். பின்பு வேறொரு நோய்க்காக வார்டில் சேர்க்கப்படும்போது, சீட்டில் உள்ள முழு அளவும் வேளை தவறாமல் கொடுக்கப்படுகிறது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். இங்கே தவறியது மருந்தன்று; பேச்சு. நாட்டு மருந்து உட்கொள்வதை மறைப்போரிடமும், மதுப் பழக்கத்தைக் குறைத்துச் சொல்வோரிடமும் இதே ஆபத்து உண்டு. கடிந்துரைக்கும் இடத்தில் உண்மை வெளிவராது. ஆகவே நோயாளரை மதித்துப் பேசுவதை வெறும் உபசாரமாக நாம் கருதலாகாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

மதிப்புக் குறைவு எப்போதும் கடுஞ்சொல்லாக வருவதில்லை. நம் மருத்துவமனைகளில் அது பெரும்பாலும் பார்வையின் திசையில் தெரிகிறது. கட்டிலில் தாய் விழித்திருப்பார். மருத்துவரோ மகனைப் பார்த்துப் பேசுவார். "இவங்களுக்குப் பசி எடுக்குதா?" என்ற கேள்விக்கு மகனே விடையும் சொல்லிவிடுவார். இருவரும் அன்புடனேயே நடந்துகொள்கின்றனர். ஆயினும் அந்தத் தாய் தம் உடலைப் பற்றிய உரையாடலில் வெளியாளாகிவிடுகிறார். மருத்துவத்திற்கு வேண்டிய நான்கு உறுப்புகளை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் எண்ணும் திருவள்ளுவர், நோயுற்றவரையே முதலில் வைக்கிறார், உடனிருப்பவர் நான்காமவர்.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. நோயைக் கண்டறியும் சோதனைக்கு ஒப்புதல் அளித்து மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயாரின் ஒப்புதலை மட்டும் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குரிய ஒப்புதலாகாது. தாமே முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவருக்காக உறவினர் ஒப்புதல் தர இயலாது. உயிரைக் காக்க உடனடியாகச் செய்தாக வேண்டிய நிலை இதற்கு விலக்கு. கையெழுத்துக்காகத் தாளை நீட்டும்போது, நோயாளர் விழிப்புடன் இருந்தால், "அவரிடமே விளக்கிச் சொல்லுங்கள்" என்று நீங்கள் கேட்கலாம்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளருக்கு முன்பாக விடை சொல்ல நா எழும்போது சற்றுப் பொறுத்திருங்கள். அவர் மெதுவாகச் சொல்லட்டும். விடுபட்டதைப் பின்னர் நீங்கள் சேர்க்கலாம். இரவில் அவர் எத்தனை முறை எழுந்தார், எந்த வேளை உணவை ஒதுக்கினார் என்பன உங்களுக்கே தெரிந்தவை. காது மந்தமானவர் என்றால், கேட்புக் கருவியை வீட்டில் விட்டுவராதீர்கள்.

நோயாளர்களுக்குச் சொல்ல விரும்புவது இது. மிகவும் அஞ்சுவதை முதலில் சொல்லுங்கள். பலரும் இருமலையும் மூட்டுவலியையும் சொல்லிவிட்டு, நாற்காலியை விட்டு எழும்போதுதான் "மார்பில் ஒரு கட்டி மாதிரி இருக்கு" என்கின்றனர். அதற்குள் அடுத்தவரின் பெயர் அழைக்கப்பட்டிருக்கும். வீட்டிலேயே இரண்டு மூன்று வரி எழுதி வாருங்கள். எழுத இயலாதவர் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம். பேச்சு தடைப்பட்டால், "ஐயா, இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்" என்று கூறுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

விடைபெறும் முன், மருத்துவர் கூறியதை உங்கள் சொற்களிலேயே திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: "இந்த வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு, இரவில் மட்டும், அப்படித்தானே?" தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தலையசைத்துவிட்டு வந்து மருந்துக் கடையில் விளக்கம் கேட்பதைவிட இது மேலானது.

இவ்வளவுக்குப் பிறகும் எவரும் செவிசாய்க்கவில்லை என்றால் என்ன செய்வது? குறை சொன்னால் கவனிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சம் பலரிடம் உள்ளது. படுக்கையில் இருப்பவருக்கு அந்த அச்சம் இயல்பானதே. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளுள், தம் குறையைச் சொல்லித் தீர்வு பெறும் உரிமையும் ஒன்று. முதலில் வார்டின் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். தீராவிடில் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். நாள், நேரம், நடந்தது, நீங்கள் வேண்டுவது ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.