சுதந்திரமானவரை விற்று உண்பவன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கியாமத்து நாளில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடுவதாக அல்லாஹுத் தஆலா எச்சரித்திருக்கிறான். அவன் பெயரால் வாக்களித்துவிட்டு மோசடி செய்தவன் ஒருவன். சுதந்திரமான மனிதரை விற்று அந்தக் கிரயத்தை உண்டவன் இரண்டாமவன். ஆளை அமர்த்தி வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன் மூன்றாமவன். ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் குத்ஸி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இதைப் பயானில் கேட்கும்போது, "அது அடிமைச் சந்தை இருந்த காலத்துச் சங்கதி, நமக்கென்ன?" என்று மனம் சொல்லும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒருநாள் இஷாவுக்குப் பின் ஒரு பெரியவர் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"அஜ்ரத், மகளை மில்லுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். மூணு வருஷம் அங்கேயே தங்கணுமாம். முடிச்சா மொத்தமா ஒரு தொகை தருவாங்களாம். கைக்கூலிக்கு ஆகும். ஏஜெண்டு இப்பவே கொஞ்சம் முன்பணம் தர்றேங்கிறாரு."

"நடுவில் திரும்பி வந்தால் என்ன தருவார்கள் பாய்?"

"ஒண்ணும் கிடைக்காதாம்."

அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. அன்றிரவு கிதாபைத் திறந்தபோது அந்த ஹதீஸின் இரண்டாமவனும் மூன்றாமவனும் என் முன்னால் ஒன்றாக நின்றார்கள்.

ஹழ்ரத் ஸைது (ரலி) அவர்களின் சரிதை

ஹழ்ரத் ஸைது பின் ஹாரிஸா (ரலி) அவர்கள் பிறப்பால் அடிமையல்லர். சிறுவராகத் தாயாருடன் உறவினரைக் காணச் சென்ற இடத்தில் கொள்ளைக் கூட்டத்தார் அவர்களைக் கவர்ந்துசென்று உக்காழ் சந்தையில் விற்றார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்காக அவர்கள் வாங்கப்பட்டு, பின்னர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். மகனைத் தேடி அலைந்த தகப்பனார் மீட்புப் பணத்தோடு வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு காசும் கேட்கவில்லை. போவதா, இருப்பதா என்று முடிவு செய்யும் உரிமையை ஸைதிடமே விட்டார்கள். ஸைதோ நாயகத்தைப் பிரிய மறுத்துவிட்டார்கள். அப்படி விற்கப்பட்ட அந்தப் பிள்ளைதான், ஸஹாபாக்களில் குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே ஸஹாபி.

பிள்ளையைத் தூக்கியவன் ஒருவன். சந்தைக்குக் கொண்டுவந்து விலை பேசியவர்கள் வேறு. சந்தையில் நின்றவர்களோ ஏராளம். "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஒருவர் உரக்கக் கேட்டிருந்தால் அந்த விலைபேச்சு நின்றிருக்கலாம்.

நமது மலையின் பாடம்

ஆனைமலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் வால்பாறைத் தேயிலைக் காடுகளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. வெள்ளையர் காலத்தில் கங்காணிகள் சமவெளிக் கிராமங்களுக்குப் போய், பஞ்சத்தில் வாடிய குடும்பங்களுக்கு முன்பணம் கொடுத்து மலைக்கு அழைத்து வந்தார்கள். முன்பணம் பெற்றவர் வேலையை விட்டுப் போனால் தண்டிக்க 1859ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது. 1903இல் சென்னை மாகாணத்தில் தோட்ட முதலாளிகளுக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. காலில் சங்கிலி இல்லை, கடன்தான் சங்கிலி. அங்கே மருத்துவராயிருந்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கில நாவலாக எழுதிய இந்தத் துயரமே 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தது.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததும் இதன் தங்கைதான். கல்யாணத்துக்குப் பணம் என்று ஆசை காட்டி ஏழைப் பெண்பிள்ளைகளை விடுதிக்குள் வைத்து வேலை வாங்கினார்கள். பெயரை மாற்றி முறையை வைத்துக்கொண்டாலும் பாவம் பாவமே.

மஸ்அலாக்கள்

1. சுதந்திரமான மனிதர் 'மால்' (பொருள்) அல்லர். ஆகவே அவரை விற்பது பாத்திலான வியாபாரம். அந்தக் கிரயம் ஹராம். ஏமாற்றி ஆளை ஒப்படைத்து வாங்கும் தரகும் ஹலாலாகாது.

2. குறிப்பிட்ட காலத்துக்குத் தன்னை ஒப்படைத்த பணியாளுக்கு, அவர் பணி செய்த நாட்களின் கூலி கடமையாகிவிடுகிறது. மூன்று வருஷம் முடியவில்லை என்று இரண்டு வருஷக் கூலியை மறுப்பது பச்சை அநியாயம்.

3. முன்பணம் கூலியின் ஒரு பகுதியாயிருந்தால் குற்றமில்லை. ஆனால் கடன் கொடுத்து, அதைக் காட்டிக் குறைந்த கூலிக்கு உழைக்க வைத்தால், கடனைக் கொண்டு ஆதாயம் தேடுவதாகிறது. அது வட்டியின் வாசல்.

4. கடனுக்காகச் சுதந்திரமானவர் அடிமையாவதில்லை. சிரமத்திலிருப்பவருக்குத் தவணை கொடுக்கும்படியே ஸூரத்துல் பகரா (2:280) கட்டளையிடுகிறது.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு மனித வியாபாரத்தையும் கட்டாய உழைப்பையும் தடுக்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது; மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவில் ஆள் கடத்தலுக்குக் குறைந்தது ஏழு ஆண்டு சிறை. "அவரே சம்மதித்துத்தான் வந்தார்" என்ற சாக்கு அங்கே எடுபடாது.

நம் பொறுப்பு

சகோதரர்களே! அந்தப் பெரியவருக்கு "கூடாது" என்று மஸ்அலா சொல்லி அனுப்பியிருந்தால் என் கடமை தீர்ந்திருக்குமா? அவரைத் துரத்தியது கைக்கூலி. மஹரைப் பெண்ணுக்குக் கொடு என்று அல்லாஹ் சொல்லியிருக்க (4:4), பெண் வீட்டில் பணம் கேட்கும் நாமும் அந்த ஏஜெண்டின் கூட்டாளிகளே. முத்தவல்லியிடம் பேசினோம். நிக்காஹ் பதிவின்போது கைக்கூலி பற்றி விசாரிப்பதென்று ஜமாஅத்தில் முடிவானது. பெரியவரின் கடனுக்கு ஜகாத்திலிருந்து உதவினோம். ஜகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் (9:60) கடனாளியும் ஒருவரல்லவா? அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொன்று. நம் ஊர்த் தென்னந்தோப்புகளிலும் நார் மில்களிலும் வடமாநிலத்துத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த மார்க்கத்தவராயினும் கூலியில் ஹக்கு ஒன்றே. நம்மில் தொழில் நடத்துபவர்கள், கூலியைத் தரகர் கையில் கொடுக்காமல் உழைத்தவர் கையில் கொடுங்கள். அவர்களின் அடையாள அட்டைகளைப் பிடித்து வைக்காதீர்கள். சிறுவரை வேலைக்கு வைத்திருப்பதைக் கண்டால் 1098க்குத் தகவல் கொடுங்கள். நம் ஹனபி மத்ஹபில் ஜகாத் முஸ்லிம்களுக்கே உரியது. ஆனால் ஸதகா எவருக்கும் கொடுக்கலாம்.

வெளிநாட்டு வேலை என்று யாராவது வந்தால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவரா என்று பாருங்கள். கணினி வேலை என நம்பிப் போய் மியான்மரில் சிக்கிய தமிழக இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டதை மறக்க வேண்டாம்.

உக்காழ் சந்தையில் கேட்கப்படாத கேள்வியை நாம் கேட்போம்: "இது யார் வீட்டுப் பிள்ளை?" அல்லாஹ் வழக்காடும் அந்நாளில் எதிர்த்தரப்பில் நிற்காதபடி நம் அனைவரையும் அவன் காப்பானாக! ஆமீன்.