வகுப்புக்கு ஒரு குறும்படம்

இயற்பியல் விதி ஒன்றை விளக்கி மூன்று நிமிடக் குறும்படம் எடுத்து வரும்படி உங்கள் ஆசிரியர் கூறியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து ஒன்று கீழே விழுவதைப் படம் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டலாம் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். நல்ல எண்ணம்தான். கையில் செல்பேசி இருந்தால் படம் எடுப்பது எளிது. ஆனால் அந்தப் படம் வெறும் வேடிக்கையாக முடியாமல் ஒரு சோதனையாக அமைய வேண்டுமானால் சிலவற்றைச் சிந்திக்க வேண்டும்.

காமிரா ஒரு கடிகாரம்

திரையில் ஓடும் படம் உண்மையில் ஓடுவதில்லை. சமமான கால இடைவெளிகளில் எடுத்த நிலைப்படங்களே அடுத்தடுத்து வந்து நம் கண்ணுக்கு அசைவாகத் தோன்றுகின்றன. இவற்றைப் பிரேம்கள் என்கிறோம். திரையரங்கில் காட்டப்படும் படங்களில் பெரும்பாலும் விநாடிக்கு 24 பிரேம்கள் உண்டு. செல்பேசிகளில் விநாடிக்கு 30 என்பது வழக்கமான அளவு. உங்கள் செல்பேசியில் எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 30 பிரேம்கள் என்றால், மூன்று பிரேம்களைக் கடக்க 1/10 விநாடி ஆகிறது. உங்கள் காமிரா ஒரு கடிகாரமும் ஆகிவிட்டது அல்லவா!

1878ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் பல காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். பாய்ந்தோடும் குதிரை முன்கால்களை முன்னும் பின்கால்களை பின்னும் நீட்டியபடி அந்தரத்தில் பறப்பதாக ஓவியர்கள் வரைந்து வந்தனர். கால்கள் வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும்போதுதான் நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும்புகின்றன என்பதை அப்படங்கள் காட்டின. கண்ணால் பிடிக்க முடியாததைக் காமிரா பிடித்தது.

பந்து எப்போது புறப்பட்டது?

பந்தைக் கைவிட்ட கணம் இரண்டு பிரேம்களுக்கு நடுவில் அமைந்துவிடலாம். அப்போது தொடக்க நேரம் சரியாகத் தெரியாது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பந்து விழத் தொடங்கிய பிறகு, ஏதேனும் ஒரு பிரேமிலிருந்து தொடங்கி மூன்று மூன்று பிரேம்களாகத் தாண்டி, பந்தின் இருப்பிடத்தைக் குறியுங்கள். முதல் 1/10 விநாடியில் அது கடந்த தொலைவு 7.0 செ.மீ. என்றால், அடுத்ததில் 16.8 செ.மீ., அதற்கடுத்ததில் 26.6 செ.மீ. இருக்கும். ஒவ்வொரு முறையும் கூடுவது 9.8 செ.மீ. இதை 100ஆல் பெருக்கினால் கிடைப்பது 980 செ.மீ./விநாடி². புறப்பட்ட நேரம் நமக்குத் தேவையே இல்லை.

அளவுகோல் எங்கே?

காமிராவிலிருந்து 1 மீட்டர் தள்ளிப் பந்து விழுகிறது. அளவுகோல் பந்துக்கு 10 செ.மீ. பின்னால் சுவரில் இருக்கிறது என்று கொள்வோம். பந்து 20 செ.மீ. விழுந்தால் அளவுகோலில் 22 செ.மீ. என்று தெரியும். விடையும் 980க்குப் பதிலாக 1078 ஆகிவிடும். காமிராவை 4 மீட்டர் தள்ளி வைத்தால் இப்பிழை நூற்றுக்கு 2.5 ஆகக் குறையும். பந்து விழும் அதே தளத்தில் அளவுகோலை நிறுத்துவது இன்னும் நல்லது. வெளிச்சம் குறைவாக இருந்தால் பந்து ஒரு கோடுபோல் நீண்டு தெரியும். எனவே பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

எந்தப் படத்தைக் காட்டுவது?

பத்து முறை எடுத்தால் பத்து விடைகள் வரும். ஒன்று 940, ஒன்று 1010, ஒன்று மட்டும் சரியாக 980 என்று இருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடலாமா?

கதைப்படத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். நடிகர் பலமுறை நடிக்கிறார். சிறந்தது மட்டும் திரைக்கு வருகிறது. அதில் தவறில்லை. சோதனைப் படத்தில் அவ்வாறு செய்தால், புத்தகத்தில் உள்ள விடைக்கு நாம் படம் எடுத்தோமே தவிர, பந்தைப் பார்த்து எதையும் அறியவில்லை. விடை முன்பே தெரியாத ஒரு சோதனையில் எதை அழிப்பீர்கள், எதை வைப்பீர்கள்? பத்து விடைகளையும் அட்டவணையாக எழுதி, அதையும் படத்தில் காட்டுங்கள். சராசரியைக் கூறுங்கள். விடைகள் ஏன் வேறுபட்டன என்பதையும் கூறுங்கள். கை ஆடியதால் கெட்டுப்போன படம் இருந்தால், அதை ஏன் நீக்கினீர்கள் என்று சொல்லிவிட்டு நீக்கலாம். விடை பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணம் ஆகாது.

செய்து பாருங்கள்

மூன்று இறக்கைகள் கொண்ட மின்விசிறி நிமிடத்திற்கு 350 முறை சுற்றுகிறது. விநாடிக்கு 30 பிரேம்கள் வீதம் எடுத்த படத்தில் அது பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றும். ஒரு பிரேமிலிருந்து அடுத்த பிரேமுக்குள் இறக்கை எத்தனை பாகை திரும்புகிறது? இரண்டு இறக்கைகளுக்கு இடையே எத்தனை பாகை? இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காரணத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்.