போசன சுத்தி

சைவ பாடசாலை உபாத்தியாயர்கள் மாணாக்கருக்குப் போசன விதி கற்பிக்குங்கால், கைகால் கழுவுதல், சிந்தாமை உண்ணுதல், பேசாதிருத்தல் என்பவற்றைச் சொல்லி முடித்தல் வழக்கம். இவை வேண்டுவனவே. ஆயினும், சுத்தி என்பது யாதென விளக்காதுவிடின், கண்ணுக்கு வெண்மையாய்த் தோன்றுவதே சுத்தமென்று பிள்ளைகள் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழை. அப்பிழை என்னிடத்தும் இருந்தது. போசன சுத்தியைச் சலசுத்தி, பொருட்சுத்தி, மனச்சுத்தி என மூன்றாக வகுத்துக் கற்பித்தல் நன்று.

முதலாவது சலசுத்தி. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல் நிலத்தில் அமைந்தவை. அக்கல் வெடிப்புந் துளையும் உடையதாதலால், நிலத்தின்மேல் விடப்படும் அழுக்கும் உரமும் எளிதிற் கீழிறங்கி நீரோடு கலக்கும். தெளிந்த நீரெல்லாம் சுத்த நீராகாது. வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல் என்பவற்றை உண்டாக்குங் கிருமிகள் நீரை நன்றாகக் கொதிக்கவைத்தலால் இறக்கும். உரத்தினால் வரும் நைத்திரேற்று என்னும் உப்போ கொதித்தலால் நீங்காது. ஆதலால் மலகூடக் குழியையும் எருக்கும்பியையும் கிணற்றுக்குத் தூரத்தே வைத்தலும், உரத்தை அளவறிந்து இடுதலும் போசன சுத்தியின்பாற்படும்.

இரண்டாவது பொருட்சுத்தி. கொலையினால் வாராத உணவே சைவருக்கு உரியது. திருவள்ளுவ நாயனார் அருளுடைமையை அடுத்துப் புலான்மறுத்தலை 26ஆம் அதிகாரமாக வைத்தமை, இவ்விதி அருளின் வழியே பிறந்தது என்பதை உணர்த்தும். இனி, மரக்கறியுணவாயினும் அதன் சத்தைப் போக்கிவிட்டு உண்ணலாகாது. சாவகத் தீவில் எயிக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளரிசியையே தின்ற கோழிகள் கால் முடங்கினவென்றும், தவிடு கொடுத்தபோது தேறினவென்றும் கண்டார். அவருக்கு 1929ஆம் ஆண்டில் நோபெற் பரிசு அளிக்கப்பட்டது. நெல்லை அவித்துக் குற்றும் நம்மவர் வழக்கத்தினால், தவிட்டின் சத்தில் ஒரு பகுதி அரிசிமணியினுள்ளே சென்று தங்கும். ஆதலால் வெண்மை வேறு, சுத்தம் வேறு என்று அறிக.

மூன்றாவது மனச்சுத்தி. யான் சிறுவயதில் மிஷன் பாடசாலையிற் பயின்றவன். மேசைவிரிப்பின் வெண்மையே சுத்தத்தின் அடையாளமென என் மனத்திற் பதிந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், மத்தியான இடைவேளையில் ஒரு சிறுவன் கடைப்பாணை வெள்ளைக் கடதாசியிற் சுற்றிக் கொணர்ந்ததைக் கண்டு, "எவ்வளவு சுத்தம், பாருங்கள்" என்று யாவருங் கேட்கப் புகழ்ந்தேன். அயலிலிருந்த சிறுமி, வாட்டிய வாழையிலையிற் கொணர்ந்த குரக்கன் பிட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். அன்று அவள் உண்ணவில்லை; மறுநாளும் உண்ணவில்லை. அவள் தாயார் விடியுமுன் எழுந்து அவித்த பிட்டு அது. சுண்ணச்சத்தோ அரிசியினும் குரக்கனிற் பன்மடங்கு. பிட்டில் யாதொரு குற்றமும் இல்லை. குற்றம் என் சொல்லில் இருந்தது. மூன்றாநாள் யானுங் குரக்கன் பிட்டுக் கொணர்ந்து, பிள்ளைகளோடு ஒருங்கிருந்து உண்டேன். அவளும் தன் இலையை அவிழ்த்தாள்.

ஆசாரத்தை வற்புறுத்திய ஆறுமுக நாவலரவர்களே, பஞ்சம் நேர்ந்த 1877ஆம் ஆண்டளவில், கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார்கள். பசித்தவனை நாணச்செய்யும் ஆசாரம் ஆசாரமன்று.

ஆதலால், உபாத்தியாயர்களே, பிள்ளைகளின் கையையும் நீர்ப்போத்தலையும் பார்வையிடுங்கள். உணவின் விலையைப் பார்வையிடாதீர்கள். அழுக்குக் கை கண்டவிடத்துத் தனியே அழைத்துக் கழுவுவியுங்கள். உணவில்லாது வந்த பிள்ளை யாரென்பதை இடைவேளைக்கு முன்னரே அறிந்துகொள்ளுங்கள். அப்பிள்ளைக்கும் ஓர் இலை இட்டபின் நாம் உண்பதே சுத்தபோசனம்.