விமானம் பார்க்க ஒரு மோட்டார் பிரயாணம்

கேள்வி: லண்டனில் மகன் வீட்டுக்குச் செல்கிறேன். காரில் சுற்றி விமானங்களையும் விமானக் காட்சிசாலைகளையும் பார்க்க எப்படித் திட்டமிடலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: ஹீத்ரோ விமான நிலையத்தின் கிழக்கெல்லையில், ஹாட்டன் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய மர்ட்டில் அவென்யூ என்னும் தெருவின் புல்வெளியில் நின்றால், தெற்கு ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து செல்வதைக் காணலாமாயினும், அந்தப் பாக்கியம் மேல்காற்று வீசும் நாட்களில்தான் சித்திக்கும், அப்பொழுதும், இறங்கும் ஓடுபாதையைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றிவிடுவது வழக்கமாதலால் (சுற்றுப்புறத்தாரின் செவிகள் அரை நாளாவது இளைப்பாறட்டும் என்ற கருணை!), தெற்கு ஓடுபாதையின் முறை காலையா மாலையா என்று விசாரித்துச் செல்வது உத்தமம்.

வெய்பிரிட்ஜிலுள்ள புரூக்லண்ட்ஸ் காட்சிசாலையில், 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் விழுந்து, 1985-இல் வெளியே எடுக்கப்பட்ட வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானமும், கான்கார்டு ஒன்றும் இருக்கின்றன. கேம்பிரிட்ஜை அடுத்த டக்ஸ்போர்டு காட்சிசாலை மிகப் பெரியது. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

ஆயினும், ஒன்றே ஒன்றுதான் சாத்தியமென்றால், பெட்போர்டுஷயரின் ஓல்டு வார்டன் கிராமத்து ஷட்டில்வொர்த் சேகரத்தையே சிபாரிசு செய்வேன். ஏனெனில், மற்ற இடங்களில் பெரும்பாலும் தூசி துடைத்து நிறுத்தப்பட்டிருக்கும் பழம் விமானங்கள், அங்கே பறக்கின்றன. 1909-ஆம் ஆண்டின் பிளேரியோ விமானம் கூட, காற்றடங்கிய மாலைகளில் தரையை விட்டுச் சிறிதே எழும்பும். ஆகையால், அவர்களுடைய பறக்கும் காட்சி நாளை முதலில் நிச்சயித்து, சீட்டும் வாங்கிக்கொண்டு, பிறகு மற்ற ஊர்களை வகுத்துக்கொள்ளுங்கள்.