ஈரலுக்குப் போகும் இரண்டு பாதைகள்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று உழ்ஹிய்யாப் பங்கில் எங்கள் வீட்டுக்கு ஆட்டு ஈரலும் வந்தது. உம்மா கழுவக் கழுவ அதிலிருந்து இரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. "இதுக்குள்ள மட்டும் ஏன் இவ்வளவு இரத்தம்?" என்று கேட்டார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

மனித உடல் நிறையில் ஈரல் ஏறத்தாழ 2 சதவீதமே. ஆனால் ஓய்வின்போது இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ 25 சதவீதம் அதற்குச் செல்கின்றது. அது இரண்டு பாதைகளால் வருகின்றது. நான்கில் மூன்று பங்கு ஈரல் வாயினாளத்தால் வருகின்றது. இது இரைப்பை, குடல், சதையி, மண்ணீரல் ஆகியவற்றைக் கடந்து வந்த குருதி என்பதால் ஒட்சிசன் குறைந்தது. மீதி, ஒட்சிசன் நிறைந்த குருதியாக ஈரல் நாடியால் வருகின்றது. ஆடு, நாய், பூனை போன்ற முலையூட்டிகளிலும் இவ்விரு பாதைகளும் உள்ளன.

வாயினாளத்தில் எவ்வளவு குருதி வரவேண்டும் என்பதை ஈரல் தீர்மானிப்பதில்லை. குடலின் சிறு நாடிகள் விரிந்தால் கூடுதலாக வரும், சுருங்கினால் குறையும். ஆகவே அந்த நாடிகளில் தொழிற்படும் ஓமோன்கள் ஈரலின் குருதியோட்டத்தையும் மாற்றிவிடுகின்றன.

ஒரு நாய் வயிறார உண்டுவிட்டுப் படுத்திருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். உறிஞ்சப்படும் சத்துகளும் சிறுகுடல் சுரக்கும் சில ஓமோன்களும் குடலின் நாடிகளை விரிக்கின்றன. வாயினாளத்தில் குருதி பெருகுகின்றது. உணவிலிருந்து வந்த குளுக்கோசும் அதைச் சேமிக்கச் சொல்லும் இன்சுலினும் ஒரே பாதையால் ஈரலை அடைகின்றன.

இப்போது ஓர் ஆட்டை நாய் துரத்துகின்றது. அதிரீனல் சுரப்பியிலிருந்து அதிரீனலினும் நோரதிரீனலினும் குருதியில் கலக்கின்றன. குடலின் நாடிகள் சுருங்குவதால் வாயினாளத்தில் வரவு குறைகின்றது. அதேவேளை ஈரலுக்குள் இருக்கும் நாளங்களும் சுருங்கி, அங்கே தேங்கியிருந்த குருதியை இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. பூனைகளில் செய்த பரிசோதனைகளில், ஈரல் இவ்வாறு தன்னிடமிருந்த குருதியில் ஏறத்தாழ அரைவாசியை வெளியேற்றியது. கிளைக்கோசன் உடைந்து உருவான குளுக்கோசும் கூடவே போகின்றது. ஓடும் கால்களுக்கு இரண்டும் தேவை.

அப்படியானால் ஈரல் பட்டினி கிடக்குமா? வாயினாளத்தில் ஓட்டம் குறையும்போது, ஈரலில் உருவாகும் அடினோசின் அடித்துச் செல்லப்படாமல் சேர்கின்றது. அது ஈரல் நாடியை விரிக்கின்றது. ஒரு பாதையின் குறையை மற்றப் பாதை ஓரளவு ஈடுசெய்கின்றது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு மூத்த வாப்பாவின் நினைவு வந்தது. நீரிழிவும் கொழுப்பு ஈரலும் இருந்த அவருக்கு ஈரல் தழும்பேறி இறுகிவிட்டது. மதுவைத் தொட்டே அறியாத ஒருவருக்கு இந்நோய் எப்படி வந்தது என்று ஊரில் பலர் கேட்டார்கள். மது இல்லாமலும் வரலாம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இறுகிய ஈரலுக்குள் நுழைய முடியாத குருதி வாயினாளத்தில் அழுத்தத்தைக் கூட்டும். களத்தின் நாளங்கள் புடைத்து வெடிக்கும். ஓர் இரவு அவர் இரத்த வாந்தி எடுத்தார். "ஓமோன் மாதிரி ஒரு மருந்து ஏற்றுகிறோம்" என்றார் வைத்தியர். ஈரல் நோய்க்கு ஓமோன் எதற்கு என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அது, கபச்சுரப்பியிலிருந்து வெளிவரும் வாசோபிரசினைப் போன்ற மருந்து. நீரைச் சேமிக்கும் ஓமோன் என்று நாம் பாடமாக்கும் அதே வாசோபிரசின், குடலின் நாடிகளையும் சுருக்கும். வாயினாளத்துக்கு வரவு குறையும், அழுத்தம் இறங்கும், குருதிப் பெருக்கு அடங்கும். அன்றிரவு அடங்கியது, அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த பெருநாளைக்கு உம்மா மறுபடி கேட்டால் என்னிடம் பதில் இருக்கின்றது: "உம்மா, ஈரல் இரத்தத்தைச் சேமித்தும் வைக்கும். ஆபத்து வந்தால் ஓமோன் சொல்லும், உடனே எடுத்துக் கொடுத்துவிடும்."