நூல் நிலையம் அமைக்கும் தொண்டு

தொண்டு பலவகைப்படும். வழி திருத்துதல், கிணறு தூர்வாருதல், குளக்கட்டுக்கு மண் சுமத்தல் ஆகியன பலர் கூடிச் சில நாட்களிற் செய்து முடிக்கத்தக்கன. 1958ஆம் ஆண்டில் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்று செய்வித்த பணியே, பின்னர் சர்வோதய இயக்கமாக வளர்ந்து, 'சிரமதானம்' என்னும் சொல்லை நம் நாடெங்கும் பரப்பிற்று. கிராமப் பாடசாலைக்கு நூல் நிலையம் அமைத்தலும் இத்தகைய தொண்டே. ஆயினும் அது சில நாட்களில் முடிவதன்று. சுவருக்கு வெள்ளையடித்து, இறாக்கைகளில் நூல்களை அடுக்கி, திறப்பு விழாவும் நடத்திவிட்டாற் கடமை தீர்ந்தது எனக் கருதுவோர் உளர். திறப்பு விழா நூல் நிலையத்தின் பிறந்தநாள் மட்டுமே. அதனை வளர்க்கும் பொறுப்பு மறுநாளே தொடங்குகிறது.

இதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு தக்க சான்றாகும். 1933இல் கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கி, இலவச நூலகம் ஒன்று வேண்டுமெனப் பொதுமக்களிடம் வேண்டினார். அவ்வழைப்புக்கு இசைந்தோர் மறு ஆண்டு ஒன்றுகூடி, வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகத்தைத் திறந்தனர். 1935இல் நகர சபை அதனை ஏற்றது. அழகிய கட்டடம் திறக்கப்பட்டதோ 1959இலேயாம். வாசகர் முன்னே வந்தனர். மாளிகை கால் நூற்றாண்டு கழித்தே வந்தது. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு எழுந்த வன்செயலில் அந்நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலாயின. எனினும் அதனைத் தோற்றுவித்த தொண்டுள்ளம் எரிந்திலது. 2005இல் இளைஞர் சிலர் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து, 'நூலகம்' என்னும் பெயரிற் கணினி வழியே எவரும் இலவசமாகப் படிக்க வைத்தனர். அப்பணி இன்றும் நடைபெறுகின்றது.

இனி, நம் மாவட்டத்துச் சிற்றூர்ப் பாடசாலை ஒன்றுக்கு நூல் நிலையம் அமைக்க முன்வருவோர் கருத வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, நூல் தெரிதல். நம் வீட்டில் வேண்டாதன எல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டியன ஆகா. பழைய பாடத்திட்டத்துக்குரிய வினாவிடை நூல்கள் இறாக்கையை நிரப்புமேயன்றி உள்ளத்தை நிரப்பா. பாடசாலை ஆசிரியரையும் மாணவரையும் முதலில் உசாவுக. எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவர்க்குப் பெரிய எழுத்திற் படக்கதைகளும், மேல்வகுப்பினர்க்கு அகராதி, தேசப்படம், அறிவியல் நூல்கள், நல்ல நாவல்கள் ஆகியனவும் வேண்டும்.

இரண்டாவது, ஒழுங்கு செய்தல். ஒவ்வொரு நூலையும் சேர்வு இடாப்பிற் பதிந்து எண்ணிடுதல் வேண்டும். அமெரிக்கரான மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறைப்படி 500 அறிவியலையும், 900 வரலாறு, புவியியலையும் குறிக்கும், தமிழிலக்கியத்துக்கு 894.811 வழங்கும். சிறு பாடசாலைக்கு முழு எண் வேண்டியதில்லை. பொருளுக்கொரு நிறமாக நூலின் முதுகில் தாள் ஒட்டினால், எண்ணறியாத குழந்தையும் எடுத்த நூலை உரிய இடத்தில் வைக்கும்.

மூன்றாவது, பேணுதல். கடற்காற்றும் வடகீழ்ப் பருவமழையின் ஈரமும் தாளுக்குப் பகை. இறாக்கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கியும், அடித்தட்டை நிலத்திலிருந்து உயர்த்தியும் அமைத்தல் நன்று. வெயில் காணும் நாட்களில் யன்னல்களைத் திறந்து, நூல்களைத் தட்டித் துடைத்தல் வேண்டும். நாளும் கைபடும் நூலைக் கறையானும் இராமபாணமும் எளிதில் அணுகா. பூட்டிய அலுமாரியே அவற்றுக்கு விருந்துச்சாலை.

நான்காவதும் தலையாயதும் இப்பூட்டைப் பற்றியதே. நூல் தொலைந்தாற் பழி தம்மேல் வருமே என அஞ்சி அலுமாரியைப் பூட்டும் ஆசிரியர் பலர். அவரைக் குறைகூறுதல் முறையன்று; அவருடைய அச்சத்தைப் போக்குதலே முறை. 'ஆண்டுதோறும் கிழிவனவற்றுக்கும் தொலைவனவற்றுக்கும் ஈடாக யாம் நூல் தருவோம்' எனத் தொண்டர் எழுதிக் கொடுப்பாராயின், திறவுகோல் தானே திரும்பும். நூறு நூல்களை ஒருமுறை கொடுத்து மறப்பதினும், ஐம்பது கொடுத்து ஆண்டுதோறும் பத்துச் சேர்ப்பது மேல். மாதம் ஒருமுறை சென்று கதை படித்துக் காட்டுவோரும், இரவல் இடாப்பை எழுதப் பழகிய மாணவர் இருவரும் இருப்பின் நூல் நிலையம் தன் காலில் நிற்கும்.

தனி அறை இல்லையே எனத் தயங்க வேண்டா. யாழ்ப்பாண நூலகத்துக்கு ஆலோசனை நல்கிய எஸ். ஆர். இரங்கநாதன், நூல்கள் பயன்படுதற்கே உரியன என்பதைத் தம் நூலக விதிகளுள் முதலாவதாக 1931இல் வகுத்தார். அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியியலாளர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஆபிரிக்காவின் கென்யா நாட்டில், வண்டி செல்லா வறண்ட நிலத்துப் பாடசாலைகளுக்கு 1996 முதல் ஒட்டகங்கள் நூல் சுமக்கலாயின. தம்பலகாமத்து வயற்புறத்துக்கும் குச்சவெளிக் கரைக்கும் மரப்பெட்டி ஒன்றும் அதை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றும் போதாவோ?

சென்னையிலே நூலகராகப் பணிபுரிந்து, 1895இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப் பிள்ளை நம் திருகோணமலையிற் பிறந்தவர். அவர் பெயரையேனும் அறியாத பிள்ளைகள் நம் மாவட்டத்தில் உளர் எனின், அக்குறை அவர்களுடையதன்று. விழாக் காணும் பழைய மாணவர்காள்! ஒருவர் ஒரு பாடசாலையை ஏற்க, ஐந்தாண்டு கைவிடாதிருக்க. ஐந்தாம் ஆண்டின் இறுதியில், இறாக்கையில் எத்தனை நூல்கள் உள என்று எண்ண வேண்டா. எத்தனை நூல்களின் அட்டை படித்துத் தேய்ந்துள்ளன என்று எண்ணுக. அவ்வெண்ணிக்கையே நும் தொண்டின் அளவாகும்.