பத்துக் கட்டுரைக்கு ஒரு கிளவுட் சர்வரா?

கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் பெயரில் ஓர் இணையதளம் வைத்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். ஆனால் ஹோஸ்டிங்கை அவர்கள் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. சீனியர் எடுத்தார் என்று ஒருவர் கிளவுட் சர்வர் எடுக்கிறார். இன்னொருவருக்கு, ‘வாங்குறதை நல்லதா வாங்கு’ என்று அப்பாவே மூன்று வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிடுகிறார். தளத்தில் என்ன போடப்போகிறீர்கள் என்று கேட்டால் இருவரிடமும் பதில் இல்லை.

போடப்போவது என்ன, எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. யூனிகோடு வலைப்பக்கங்களில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். அப்படிப் பார்த்தாலும் 1,000 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரை சுமார் 25 கிலோபைட். ஆயிரம் கட்டுரை எழுதினாலும் 25 மெகாபைட்தான். செல்போனில் எடுத்த ஏழெட்டுப் படங்களுக்கே அவ்வளவு இடம் தேவைப்படும்.

எழுத மட்டும்தான் ஆசை என்றால் பிளாகர், வேர்ட்பிரஸ்.காம் போதும். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

பக்கங்களை நாமே வடிவமைக்க வேண்டும், ஆனால் டேட்டாபேஸ் தேவையில்லை என்றால் கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இரண்டும் இலவசம். சொந்த டொமைனையும் இணைத்துக்கொள்ளலாம். கிட்ஹப்பில் ஒரு தளம் 1 ஜிகாபைட் வரை போகலாம். மேலே சொன்ன கணக்கின்படி அது ஓர் ஆயுளுக்கான இடம்.

சொந்த வேர்ட்பிரஸ், அதில் கருத்துப் பெட்டி, படிவம் எல்லாம் வேண்டுமென்றால் ஷேர்டு ஹோஸ்டிங். இங்கே முதல் வருட விலையைப் பார்த்து மயங்காதீர்கள். ரெனியூவல் விலை என்ன என்று பாருங்கள். ‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்தாலும், கோப்புகளின் எண்ணிக்கைக்கு நிபந்தனைகளில் ஓர் உச்சவரம்பு இருக்கும். ‘சிறந்த பத்து ஹோஸ்டிங்’ பட்டியல்களில் பல, நீங்கள் வாங்கினால் எழுதியவருக்கு கமிஷன் கிடைக்கும் பட்டியல்கள்.

இனி, எல்லோரும் ஓடிப்போய் விழும் கிளவுட் சர்வருக்கு வருவோம். அதில் கிடைப்பது லினக்ஸ் ஏற்றிய ஒரு காலி இயந்திரம். வெறும் மனையை வாடகைக்கு எடுத்த மாதிரி. சுவர், கதவு, காவல் எல்லாம் நம் பொறுப்பு. வெப் சர்வரை நிறுவுவது, ஃபயர்வால் வைப்பது, பாதுகாப்பு அப்டேட் போடுவது, எஸ்.எஸ்.எல். சான்றிதழைப் புதுப்பிப்பது, பேக்கப் எடுப்பது என்று வேலைகள் நீளும். பொது ஐ.பி. முகவரி கிடைத்த சில மணி நேரத்திலேயே, பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்க்கும் பாட்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். 1 ஜிகாபைட் மெமரி உள்ள இயந்திரத்தில் வேர்ட்பிரஸையும் மைஎஸ்கியூஎல்லையும் ஏற்றினால், என்றாவது மெமரி தீர்ந்து டேட்டாபேஸ் நின்றுவிடும். அது பெரும்பாலும் செமஸ்டர் தேர்வு வாரமாகத்தான் இருக்கும்!

காசுக் கணக்கும் உண்டு. சர்வருக்கு மணிக்கணக்கில் மீட்டர் ஓடும்; வாசகர் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும். அமேசானில் 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐ.பி.வி.4 முகவரிக்கே மணிக்கு 0.005 டாலர், மாதம் சுமார் 3.65 டாலர் முகவரிக்கு மட்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு 12 மாத இலவசம் என்றிருந்ததும் 2025 ஜூலையில் மாறிவிட்டது. இப்போது கிடைப்பது 200 டாலர் வரை கிரெடிட், ஆறு மாதக் கெடு. பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருக்கிறேன் என்பார்கள். அது மின்னஞ்சல்தான் அனுப்பும். நீங்களாகச் சொல்லிவைக்காவிட்டால் சர்வரை நிறுத்தாது.

சர்வர் மும்பையில் இருந்தால் வேகம் அல்லவா என்று கேட்கிறார்கள். கிளவுட்ஃப்ளேருக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. ரெஸ்யூமேயில் போடலாமே என்பது அடுத்த வாதம். யூடியூப் வீடியோவைப் பார்த்துப் பொத்தான்களை அழுத்தியது திறமையாகிவிடாது; நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும். ரெஸ்யூமேயில் கொடுத்த முகவரி திறக்காமல் நிற்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, டொமைன். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அல்லாமல் தனியாகப் பதிவு செய்யுங்கள். இலவச டொமைன் என்பது வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் கயிறு. மற்றொன்று, பேக்கப் உங்கள் கணினியில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, வேறிடத்தில் பிரதி வைக்காத பலர் தளத்தையே இழந்தார்கள். யாஹூ 2009-இல் தன் இலவச இணையதளச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியது. ஹெரோக்கு என்ற கிளவுட் சேவை 2022 நவம்பரில் இலவசத் திட்டத்தை நிறுத்தியது. டொமைனும் பிரதியும் கையில் இருந்தால் ஒரே நாளில் வேறிடம் போய்விடலாம்.

என்னைக் கேட்டால், கையால் எழுதிய எச்.டி.எம்.எல். பக்கங்களுக்கே என் ஓட்டு. உலகின் முதல் இணையதளத்தின் பழைய பிரதியை செர்ன் ஆய்வகம் 2013-இல் மீண்டும் வலையேற்றியது. இன்றைய பிரவுசரிலும் அது திறக்கிறது. வேர்ட்பிரஸ் பிளக்இன்களில் எத்தனைக்கு அந்த ஆயுள் உண்டு?

சர்வர் நிர்வாகத்தில் உண்மையான நாட்டம் உள்ளவர்கள் தாராளமாக அதைக் கற்கட்டும். வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு உடைத்தும் சேர்த்தும் பழகலாம். எழுத்தில், ஓவியத்தில், டிசைனில் நாட்டம் உள்ளவர் அதில் நேரத்தைச் செலவிடட்டும். பக்கத்து வீட்டுப் பையன் எதை வாங்கினான் என்பது இங்கே கணக்கில் வராது. பெற்றோரும் பணத்தை நீட்டுமுன், பிள்ளை இதுவரை எழுதியதை ஒருமுறை கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

முதல் வருடம் வாசகர் அதிகம் வரமாட்டார்கள். அதற்காக ஹோஸ்டிங்கையும் தளத்தின் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்; பக்கங்களைக் கூட்டுங்கள். ஐந்து நல்ல பக்கங்களை எழுதி முடித்தபின் ஹோஸ்டிங் தேடுங்கள். உங்களுக்கு எது தேவை என்பதை அந்த ஐந்து பக்கங்களே சொல்லிவிடும்.